டிக்கெட் இல்லாத பஸ்

காலை மணி எட்டு இருபது. புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். பையில் இலவச பஸ் பாஸ் பத்திரமாக இருக்கிறது. டிக்கெட்டுக்குக் காசு வேண்டுமே என்ற கவலை இல்லை. தொலைவில் பஸ் தெரிகிறது. அருகில் வரும்போதுதான் பார்க்கிறீர்கள். படிக்கட்டில் நான்கு பேர் தொங்குகிறார்கள். டிரைவர் "இடமில்லை" என்று கையை ஆட்டிவிட்டு நிறுத்தாமலே போய்விடுகிறார்! அடுத்த பஸ் எட்டு ஐம்பதுக்கு. பள்ளியில் மணி அடிப்பதோ எட்டே முக்காலுக்கு.

இப்போது சொல்லுங்கள்: உங்களிடம் இருக்கும் அந்தப் பாஸின் மதிப்பு என்ன?

பஸ்ஸில் ஏறும் எல்லோருக்குமே கட்டணம் வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன? இந்தக் கேள்வி உலகின் பல நகரங்களில் கேட்கப்பட்டிருக்கிறது. சில நகரங்கள் அப்படிச் செய்தும் பார்த்திருக்கின்றன. சில வெற்றி கண்டன, சில பின்வாங்கின. சோதனைச் சாலையில் ஒரு பொருளைச் சூடாக்கி என்ன நடக்கிறது என்று பார்ப்பதைப் போல, ஒரு நகரம் கட்டணத்தைப் பூஜ்யமாக்கி என்ன நடக்கிறது என்று பார்த்த கதை இது. வாருங்கள், அந்தச் சோதனைகளின் முடிவுகளைப் பார்ப்போம்.

எங்கெங்கே நடந்தது?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே காமர்ஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1962-ஆம் ஆண்டிலேயே கட்டணமில்லாத பஸ்கள் ஓடத் தொடங்கின. பெல்ஜியம் நாட்டில் சுமார் 70,000 மக்கள் வாழும் ஹாசெல்ட் நகரம் 1997-ஆம் ஆண்டு ஜூலையில் தன் பஸ்களை இலவசமாக்கியது. எஸ்தோனியா நாட்டின் தலைநகரான டாலின், நான்கு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் ஊர். அங்கே 2012-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் 'சரி' என்றார்கள். 2013 ஜனவரி முதல் நாளிலிருந்து அந்நகர வாசிகளுக்கு பஸ், டிராம் இரண்டும் இலவசமாயின.

பிரான்சின் வட கோடியில் உள்ள டன்கர்க் நகரப் பகுதி 2018 செப்டம்பரில் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. இவை எல்லாவற்றையும் மிஞ்சியது லக்சம்பர்க். அது ஊர் அல்ல, நாடு! 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் முதல் அந்நாட்டுக்குள் ஓடும் பஸ், டிராம், ரயில் அனைத்திலும் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். ரயிலில் முதல் வகுப்பில் போகிறவர்கள் மட்டும் பணம் கொடுக்க வேண்டும்.

நம் தமிழ்நாடும் இதில் பின்தங்கவில்லை. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச பாஸ் என்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. 2021 மே மாதம் 8-ஆம் நாள் முதல், சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்கள் அனைவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற திட்டம் வந்தது. அடுத்த ஆண்டில், முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய பஸ்கள் தெருவில் தோன்றியது உங்களுக்கு நினைவிருக்கும். இது எல்லோருக்கும் இலவசம் அல்ல. ஒரு பகுதியினருக்கு இலவசம். ஆனாலும் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அறுபத்தொன்றாவது ஆள்

முதலில் ஒரு சிறு கணக்கு. காலியாக நிற்கும் ஒரு பெரிய பஸ்ஸின் எடை ஏறத்தாழ 10 டன், அதாவது 10,000 கிலோ. உங்கள் எடை 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏறுவதால் பஸ்ஸின் எடை அரை சதவீதம்கூடக் கூடுவதில்லை. பாதி இருக்கைகள் காலியாக ஓடும் பஸ்ஸில் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் டிரைவரின் சம்பளம் ஒன்றே. டயர் தேய்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான். டீசலோ ஒரு சில துளிகளே கூடும். ஆகவே காலி இருக்கையில் உட்காரும் ஒருவரால் ஆகும் கூடுதல் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம்.

"அப்படியானால் அவரிடம் ஏன் காசு வாங்க வேண்டும்? எப்படியும் காலியாகப் போகும் இருக்கைதானே!" இலவசத்தை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இது.

இதே கணக்கைக் காலை எட்டரை மணிக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பஸ்ஸில் உட்கார்ந்தும் நின்றும் 60 பேர் போகலாம் என்று கொள்வோம். எட்டரை மணி பஸ்ஸில் 60 பேர் வருகிறார்கள். பதினோரு மணி பஸ்ஸில் 20 பேர்தான் வருகிறார்கள். கட்டணத்தை நீக்கியதும் கூட்டம் 30 சதவீதம் கூடுகிறது என்போம். பதினோரு மணி பஸ்ஸில் 26 பேர் ஆவார்கள். ஒரு தொல்லையும் இல்லை. எட்டரை மணி பஸ்ஸிலோ 78 பேர் ஏற வேண்டும். அறுபத்தொன்றாவது ஆள் முதல் எழுபத்தெட்டாவது ஆள் வரை நிறுத்தத்திலேயே நிற்பார்கள். அவர்களையும் ஏற்றிச்செல்ல வேண்டுமானால் இன்னொரு பஸ் வேண்டும். இன்னொரு டிரைவர் வேண்டும். இன்னொரு கண்டக்டர் வேண்டும். அந்த பஸ்ஸோ பதினோரு மணிக்கு வேலையில்லாமல் பணிமனையில் நிற்கும்.

ஆகவே, அறுபதாவது ஆள் வரை ஏறுவதற்கு ஆகும் கூடுதல் செலவு சில துளி டீசல். அறுபத்தொன்றாவது ஆளால் ஆகும் செலவு ஒரு பஸ்! வியப்பாக இல்லையா?

இந்த உண்மையை உணர்ந்துதான், 1978-இல் அமெரிக்காவின் டென்வர், டிரெண்டன் நகரங்களில் கூட்டம் குறைந்த நேரங்களில் மட்டும் கட்டணத்தை நீக்கி ஏறத்தாழ ஓராண்டு சோதித்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் முதியோருக்கு உள்ளூர் பஸ்களில் இலவசம் உண்டு. ஆனால், நாடு முழுவதற்குமான அந்தத் திட்டப்படி வார நாட்களில் காலை ஒன்பதரை மணிக்குப் பிறகே அது செல்லும். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, காலி இருக்கைகள் தாத்தா பாட்டிகளுக்கு!

ஒரு லிட்டர் கணக்கு

இலவச பஸ்ஸால் புகையும் நெரிசலும் குறையும் என்பார்கள். இது உண்மைதானா? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பஸ் ஒரு லிட்டர் டீசலில் 5 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். மோட்டார் சைக்கிள் ஒரு லிட்டர் பெட்ரோலில் 50 கிலோமீட்டர். கார் 15 கிலோமீட்டர். கணக்கு எளிதாவதற்காக டீசலையும் பெட்ரோலையும் ஒன்றாகவே பாவிப்போம். போக வேண்டிய தூரம் 10 கிலோமீட்டர்.

மோட்டார் சைக்கிளில் தனியே போகிறவருக்கு 200 மில்லி செலவாகிறது. காரில் தனியே போகிறவருக்கு ஏறத்தாழ 670 மில்லி. பஸ்ஸுக்கு 2 லிட்டர் வேண்டும். அதில் 50 பேர் இருந்தால் ஆளுக்கு 40 மில்லி. மோட்டார் சைக்கிளில் ஐந்தில் ஒரு பங்கு. காரில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு! ஆனால் அதே பஸ்ஸில் 10 பேர் மட்டும் இருந்தால் ஆளுக்கு 200 மில்லி. மோட்டார் சைக்கிளுக்குச் சமம். 4 பேர் என்றால் ஆளுக்கு 500 மில்லி.

பஸ் என்பதாலேயே அது சிக்கனமானது அல்ல. ஆள் நிறைந்த பஸ்தான் சிக்கனமானது. எனவே காலியாக ஓடும் பஸ்ஸை இலவசம் நிரப்புமானால் அது நல்லதே. ஆனால் இன்னொரு கேள்வியும் உண்டு. புதிதாக ஏறும் அந்த ஆள் எங்கிருந்து வருகிறார்? காரை வீட்டில் வைத்துவிட்டு வருகிறாரா? அல்லது இதுவரை நடந்தே போனவரா? காரை விட்டவர் ஏறினால் 670 மில்லி மிச்சம். நடந்தவர் ஏறினால் எரிபொருளில் மிச்சம் ஒன்றும் இல்லை. அவர் கால்களுக்குத்தான் ஓய்வு.

டாலின் சொன்ன விடை

டாலின் நகரில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். இலவசத்துக்கு முன், நகரவாசிகள் செய்த ஒவ்வொரு 100 பயணத்திலும் சுமார் 55 பயணங்கள் பஸ், டிராம் போன்ற பொது வண்டிகளில் நடந்தன. ஓராண்டு கழித்து அது 63 ஆயிற்று. கூடிய இந்த 8 பயணங்கள் எங்கிருந்து வந்தன? கார்ப் பயணங்கள் 31-இலிருந்து 28 ஆகக் குறைந்தன, 3 வந்தன. நடைப் பயணங்கள் 12-இலிருந்து 7 ஆயின, 5 வந்தன. ஆம், காரை விட்டு வந்தவர்களைவிட நடப்பதை விட்டு வந்தவர்களே அதிகம்!

இது நமக்கு ஒரு பாடம். கார் வைத்திருப்பவர் பஸ் டிக்கெட்டின் விலையைப் பார்த்துக் கார் ஓட்டுவதில்லை. கார் வேண்டிய நேரத்தில் புறப்படும், வீட்டு வாசலில் நிற்கும், கூட்டம் இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு வரச் சில ரூபாய் மிச்சம் போதாது. அவரை இழுக்க வேண்டுமானால் பஸ் அடிக்கடி வர வேண்டும். நேரத்தோடு வர வேண்டும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. வருவாய் குறைந்தவர்களின் போக்குவரத்து மேம்பட்டிருந்தது.  இந்த நன்மையை எரிபொருள் கணக்கில் காண முடியாது.

டாலினில் ஒரு சுவையான விளைவும் உண்டு. அங்கே ஒருவர் எந்த ஊரில் பதிவு செய்துகொண்டு வாழ்கிறாரோ, அந்த ஊருக்கு அவருடைய வருமான வரியில் ஒரு பங்கு போய்ச் சேரும். இலவச பஸ் வேண்டுமானால் டாலின்வாசி என்று பதிவு செய்திருக்க வேண்டும். எனவே, நகரில் வாழ்ந்தும் வேறு ஊரில் பதிந்திருந்த பலர் டாலினில் பதிவு செய்துகொண்டார்கள். டிக்கெட்டில் போன பணத்தில் ஒரு பகுதி வரியாகத் திரும்பி வந்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான்! ஆனால் அந்த வரி வேறோர் ஊரின் கையிலிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

பத்து மடங்கும் பதினான்கு சதவீதமும்

டாலினில் 55 என்பது 63 ஆயிற்று. அதாவது ஏறத்தாழ 14 சதவீத உயர்வு. ஹாசெல்டில் என்ன நடந்தது தெரியுமா? 1996-இல் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் பயணங்களே நடந்தன. பத்து ஆண்டுகளில் அது 40 லட்சத்தைத் தாண்டியது. பத்து மடங்குக்கு மேல்!

ஒரே மருந்து, இரண்டு உடல்களில் இவ்வளவு வேறுபட்டு வேலை செய்வானேன்?

போக்குவரத்து வல்லுநர்களிடம் ஒரு பழைய தோராய விதி உண்டு. 1960-களில் அமெரிக்காவில் உருவானது. கட்டணம் 10 சதவீதம் ஏறினால் பயணிகள் சுமார் 3 சதவீதம் குறைவார்கள். இறங்கினால் அதே அளவு கூடுவார்கள் என்பது அது. அப்படியானால் கட்டணத்தை 100 சதவீதம் குறைத்தால் பயணிகள் 30 சதவீதம் கூட வேண்டும் அல்லவா? டாலினில் அவ்வளவு கூடவில்லை. ஹாசெல்டில் அதைப் போல் பல மடங்கு கூடியது. வரைபடத் தாளில் ஒரு சிறு துண்டுக் கோட்டை வரைந்துவிட்டு, அதை அப்படியே தாளின் ஓரம் வரை நீட்டிவிடக் கூடாது என்று உங்கள் கணக்கு ஆசிரியர் சொல்வார். இங்கும் அப்படித்தான். சிறு மாற்றங்களுக்கான விதி பெரிய மாற்றத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

வேறுபாட்டுக்குக் காரணம் தொடக்க நிலையில் இருக்கிறது. டாலினில் முன்பே பாதிப் பயணங்களுக்கு மேல் பொது வண்டிகளில் நடந்தன. மாணவர், முதியோர் எனப் பலர் ஏற்கனவே சலுகை பெற்றவர்கள். புதிதாக ஏற ஆள் அதிகம் இல்லை. ஹாசெல்டிலோ பஸ்ஸில் போகிறவர்களே முன்பு குறைவு. அதோடு அந்நகரம் கட்டணத்தை மட்டும் நீக்கவில்லை. பஸ்களின் எண்ணிக்கையையும் வழித்தடங்களையும் பெருக்கியது. புதிய சுற்றுச்சாலை போடும் திட்டத்தைக் கைவிட்டது. நகரின் உட்சுற்றுச் சாலையில் கார்களுக்கான இடத்தைக் குறைத்து மரங்களை நட்டது. எனவே பத்து மடங்கு என்ற பெருமை முழுவதும் 'இலவசம்' என்ற சொல்லுக்கு மட்டும் உரியதல்ல.

ஒரே சோதனையில் இரண்டு மூன்று காரணிகளை ஒன்றாக மாற்றிவிட்டால், விளைவு எதனால் வந்தது என்று சொல்வது கடினம். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் இந்தப் பாடம் நகரங்களுக்கும் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

டன்கர்க் நகரமும் இதே வழியில்தான் போயிற்று. கட்டணத்தை நீக்கிய அதே நேரத்தில் வழித்தடங்களையும் திருத்தி அமைத்தார்கள். முக்கியமான ஐந்து தடங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று ஏற்பாடு செய்தார்கள். கூட்டம் வந்தது.

வெற்றியே சுமையானபோது

ஹாசெல்டின் கதை அங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். ஆனால் பயணிகள் பெருகப் பெருக பஸ்கள் வேண்டியிருந்தன. பஸ்கள் பெருகப் பெருகச் செலவும் பெருகியது. டிக்கெட் விற்கும் நகரத்தில் ஒரு பயணி கூடினால் கொஞ்சம் வருவாயும் கூடும். இங்கோ கூடுவது செலவு மட்டுமே. செலவைத் தாங்க முடியாமல் 2013-இல், பதினாறு ஆண்டுகளுக்குப் பின், கட்டணம் திரும்பி வந்தது. சிறுவர்களுக்குச் சலுகை நீடித்தது.

ஹாசெல்டுக்கு முடியாதது லக்சம்பர்க்குக்கு எப்படி முடிந்தது? கணக்கைப் பாருங்கள். அந்த நாட்டில் பொதுப் போக்குவரத்தை ஓட்ட ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யூரோ செலவாகி வந்தது. டிக்கெட் மூலம் கிடைத்ததோ 4 கோடியே 10 லட்சம் யூரோ. ஒரு ரூபாய்ச் செலவில் ஏறத்தாழ 8 காசுதான் பயணிகள் கொடுத்தார்கள். மீதி 92 காசையும் முன்பே அரசுதான் கொடுத்து வந்தது. அந்த 8 காசையும் விட்டுவிடுவது ஒரு செல்வ நாட்டுக்குப் பெரிய காரியம் இல்லை. டன்கர்க்கிலும் டிக்கெட் வருவாய் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

லண்டனைப் போன்ற மாநகரங்களில் நிலை வேறு. அங்கே சுரங்க ரயிலையும் பஸ்ஸையும் ஓட்டும் செலவில் பெரும்பகுதி டிக்கெட்டிலிருந்தே வருகிறது. அதை விட்டால் அவ்வளவு பணத்துக்கும் வேறு வழி தேட வேண்டும். ஆகவே "இலவசம் கொடுக்கலாமா?" என்று ஒரு நகரம் கேட்டால், நாம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "உங்கள் ஊரில் ஒரு ரூபாய்ச் செலவில் எத்தனை காசு டிக்கெட்டிலிருந்து வருகிறது?"

லக்சம்பர்க் மக்கள் டிக்கெட் கவலையின்றி ஏறி இறங்குகிறார்கள். ஆனால் கார்கள் ஒழியவில்லை. ஐரோப்பாவிலேயே ஆயிரம் பேருக்கு மிக அதிகமான கார்கள் உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. அண்டை நாடுகளிலிருந்து நாள்தோறும் சுமார் இரண்டு லட்சம் பேர் அங்கே வேலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய வண்டிகளால் நெரிசல் நீடிக்கிறது.

பூஜ்ய ரூபாய் டிக்கெட்

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டணமின்றி பஸ்ஸில் ஏறினாலும் கண்டக்டர் அவர்களுக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிற காட்சியைப் பார்த்திருப்பீர்கள். காசே வாங்காதபோது டிக்கெட் எதற்கு?

டிக்கெட் என்பது பணம் வாங்கியதற்கு ரசீது மட்டும் அல்ல. அது ஓர் அளவுகருவி. எந்தத் தடத்தில், எந்த நேரத்தில், எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை அதுதான் சொல்கிறது. அதை வைத்துத்தான் எங்கே கூடுதல் பஸ் விடுவது என்று முடிவு செய்யலாம். அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈட்டுத்தொகை கொடுப்பதற்கும் கணக்கு வேண்டும். திட்டம் தொடங்கிய 2021-இல் இதற்காக 1,200 கோடி ரூபாய் ஆகும் என்று அறிவித்தார்கள். டிக்கெட்டை அடியோடு ஒழித்துவிட்டால் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டுக் காய்ச்சலைப் பார்ப்பது போலாகிவிடும். டாலினிலும் நகரவாசிகள் தங்கள் பயண அட்டையைக் கருவியில் காட்டிவிட்டுத்தான் இலவசமாகப் போனார்கள்.

அந்த 1,200 கோடி எங்கிருந்து வருகிறது? வரியிலிருந்துதான். தீப்பெட்டி முதல் மோட்டார் சைக்கிள் வரை வாங்கும் ஒவ்வொருவரும் அதில் பங்கு கொடுக்கிறார்கள். 'இலவச பஸ்' என்பது செலவே இல்லாத பஸ் அல்ல. ஏறுகிறவர் கொடுத்ததை எல்லோரும் சேர்ந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். தெரு விளக்குக்கும் நூலகத்துக்கும் நாம் இப்படித்தான் கொடுக்கிறோம். ஆனால் தெரு விளக்கின் கீழ் இன்னொருவர் நடந்தால் உங்களுக்கு வெளிச்சம் குறைவதில்லை. பஸ்ஸில் இன்னொருவர் உட்கார்ந்தால் உங்களுக்கு இடம் குறைகிறது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு முக்கியமானது.

இத்தனை செலவுக்குப் பலன் உண்டா? மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்தபோது, இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவது தெரிய வந்தது. கட்டட வேலைக்கும், ஜவுளிக் கடைக்கும், வீட்டு வேலைக்கும் போகிற ஒரு பெண்ணின் வீட்டில் 888 ரூபாய் என்றால் என்னவென்று உங்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது பாலாகும், மருந்தாகும், உங்கள் நோட்டுப் புத்தகமாகும்.

இன்னொரு பலன் ரூபாயில் அடங்காது. கட்டணம் உள்ளபோது, "மூன்று கிலோமீட்டர்தானே, நடந்துவிடலாம்" என்று வெயிலில் நடந்த பெண்கள் உண்டு. "போக வர ஆகும் செலவுக்கு அந்த வேலை கட்டாது" என்று தொலைவிலுள்ள நல்ல வேலையை விட்டவர்களும் உண்டு. இவர்கள் பஸ்ஸில் ஏறும்போது ஒரு துளி எரிபொருளும் மிச்சமாவதில்லை. டாலின் கணக்குப்படி பார்த்தால் இது 'வெறும் நடைப் பயணம் பஸ் பயணமாக மாறியது' என்றுதான் பதிவாகும். ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கில் அது வெறும் மாற்றமா? நிச்சயமாக இல்லை. எதற்காக இலவசம் தருகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால்தான், அது வென்றதா தோற்றதா என்று சொல்ல முடியும். புகையைக் குறைக்கத்தான் என்றால் மதிப்பெண் குறைவு. ஏழைக்குக் கதவைத் திறக்க என்றால் மதிப்பெண் அதிகம்.

மறுபக்கமும் பார்ப்போம்

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வசதி உள்ளவருக்கும் ஏன் இலவசம் என்கிறார்கள். அந்தப் பணத்தில் புதிய பஸ்கள் வாங்கினால் எல்லோருக்கும் நல்லதல்லவா என்கிறார்கள். காசு கொடுக்காதவரைச் சிலர் ஒரு படி தாழ்வாகப் பார்க்கும் மனநிலை வளரும் என்றும் சொல்கிறார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆதரிப்பவர்களிடமும் பதில் உண்டு. யார் ஏழை, யார் பணக்காரர் என்று ஒவ்வொருவரையும் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பதற்கே பெரும் செலவாகும். உண்மையான ஏழை பலர் அந்தச் சல்லடையில் விடுபட்டும் போவார்கள். மேலும், காரில் போகும் வசதி உள்ளவர்கள் சாதாரணக் கட்டண பஸ்ஸின் நெரிசலில் தாமாக வந்து நிற்பது குறைவு.

நேர மிச்சம் என்றும் ஒரு வாதம் உண்டு. இது ஊருக்கு ஊர் வேறுபடும். ஐரோப்பிய நகரங்களில் டிரைவரே டிக்கெட் கொடுக்கும் பஸ்களில், ஒவ்வொருவரும் காசு கொடுத்துச் சில்லறை வாங்கி ஏறுவதற்குள் வண்டி நின்றுகொண்டே இருக்கும். ஆளுக்கு 4 விநாடி மிச்சமானால், 45 பேருக்கு 180 விநாடி. ஒரு நடைக்கு மூன்று நிமிடம் லாபம். நம் ஊரில் கண்டக்டர் ஓடும் பஸ்ஸிலேயே டிக்கெட் கொடுத்துவிடுகிறார். எனவே இந்த லாபம் நமக்கு மிகக் குறைவு.

நீங்களே ஆராயலாம்

படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய ஆய்வு செய்யுங்கள். உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு வேலை நாள் காலை எட்டு மணி முதல் ஒன்பது வரை ஒரு முறையும், விடுமுறையில் உள்ள ஒரு வேலை நாளில் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை ஒரு முறையும் நில்லுங்கள். சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நின்று, எத்தனை பஸ்கள் வந்தன, குறித்த நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம், ஒவ்வொன்றிலும் உத்தேசமாக எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். பஸ் 5 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கை வைத்து, 10 கிலோமீட்டருக்கு ஆளுக்கு எத்தனை மில்லி என்று கண்டுபிடியுங்கள். எந்த நேரத்து பஸ் மோட்டார் சைக்கிளை வென்றது? எது தோற்றது?

பட்டியல் தயாரானதும் வகுப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: கையில் எண் இல்லாமல் யாரும் பேசக் கூடாது!

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். எட்டு இருபது பஸ் நிற்காமல் போய்விட்டது. உங்கள் பாஸ் கட்டணம் என்ற பூட்டைத் திறந்துவிட்டது. ஆனால் கதவு வந்து நிற்கவில்லையே! ஹாசெல்டும் டாலினும் டன்கர்க்கும் சேர்ந்து சொல்லும் செய்தி இதுதான். கட்டணத்தை நீக்குவது பாதி வேலை. கூட்ட நேரத்தில் இன்னொரு பஸ் விடுவது மறுபாதி. முதல் பாதி இல்லையென்றால் ஏழை நிறுத்தத்துக்கே வரமாட்டார். இரண்டாம் பாதி இல்லையென்றால் வந்தவர் நிறுத்தத்திலேயே நிற்பார்.

நீங்கள் எண்ணிய பட்டியலில் 'ஏற முடியாமல் நின்றவர்கள்' என்ற பத்தியில் பெரிய எண் விழுந்திருக்கிறதா? அந்தத் தாளைத் தலைமை ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, உங்கள் ஊர்ப் பணிமனை மேலாளருக்கு அனுப்பி வையுங்கள். நாளும் நேரமும் எண்ணும் போட்டு எழுதிய கடிதத்துக்கு, வெறும் முறையீட்டைவிட வலிமை அதிகம்.